கிடைக்காத ஆவணங்களை எண்ணுவது எப்படி?

திரைப்படங்களில் வரும் நீதிமன்றக் காட்சி ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தீர்ப்புச் சொல்லும் நேரம். வழக்குரைஞர் திடீரென எழுந்து, கறுப்புக் கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீதிபதியிடம் நீட்டுவார். எதிர்த்தரப்பினர் திகைத்துப் போவார்கள். பார்க்கச் சுவையான காட்சிதான். ஆனால் அமெரிக்க நாட்டின் உரிமையியல் வழக்குகளில் இப்படி நடக்க இடம் மிகக் குறைவு.

அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1938-ஆம் ஆண்டு சில விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, விசாரணை தொடங்குவதற்கு முன்பே ஒரு தரப்பினர் மற்றத் தரப்பினரிடம், "இந்த வழக்கைப் பற்றி உங்களிடம் உள்ள கடிதங்களையும் கணக்குகளையும் குறிப்புகளையும் காட்டுங்கள்" என்று கேட்கலாம். கேட்கப்பட்டவர் தேடிக் கொடுத்தாக வேண்டும். தமக்கே பாதகமான ஆவணமாக இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். கட்சிக்காரரும் அவருடைய வழக்குரைஞரும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. இந்த முறைக்கு 'டிஸ்கவரி' என்று பெயர். தமிழில் 'ஆவண வெளிக்கொணர்வு' எனலாம். நம் நாட்டின் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் இதற்கு வழி உண்டு. எனினும், இதனை மிகப் பெரிய அளவில் கையாளும் நாடு அமெரிக்காதான்.

இதில் என்ன நன்மை? ஓர் இயந்திரம் பழுதாகித் தொழிலாளி ஒருவர் கையை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பழுது நிறுவனத்தாருக்கு ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அதைப் பற்றிய கடிதங்கள் நிறுவனத்தின் அலமாரிக்குள் இருக்கின்றன. அவற்றைக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லையென்றால், உண்மை அவர் பக்கம் இருந்தும் அவர் தோற்றுப் போவார்!

கேட்கும் உரிமை இருந்தால் மட்டும் போதுமா? கிடைத்தவை எல்லாம் கொடுக்கப்பட்டனவா, கிடைக்காமல் போனவை எத்தனை என்பதை அறிய வேண்டாமா? கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எண்ணுவது எப்படி? இக்கேள்விக்கு அறிவியல் தரும் விடையைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

அலமாரியிலிருந்து வட்டுக்கு

முற்காலத்தில் ஆவணம் என்றால் காகிதம். இளம் வழக்குரைஞர்கள் பெட்டி பெட்டியாகக் காகிதங்களைப் புரட்டிப் படிப்பார்கள். இன்று ஆவணங்களில் பெரும்பகுதி மின்னஞ்சல்களாகவும் கணிப்பொறிக் கோப்புகளாகவும் குறுஞ்செய்திகளாகவும் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அமெரிக்க விதிகள் திருத்தப்பட்டு, 'மின்னணு முறையில் சேமிக்கப்பட்ட தகவல்' என்ற சொற்றொடர் அவற்றில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. இத்தகைய தகவல்களைக் காத்து, தேடி, ஒப்படைக்கும் வேலையே 'மின்னணு வெளிக்கொணர்வு' எனப்படுகிறது.

அதன் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஓர் அலுவலகத்தில் 100 பேர். ஒவ்வொருவர் கணக்கிலும் நாளொன்றுக்கு 50 மின்னஞ்சல்கள். ஆண்டுக்கு 250 வேலை நாள்கள். மூன்று ஆண்டுகளில் 37,50,000 அஞ்சல்கள் சேர்ந்துவிடும். ஒன்றைப் படிக்க ஒரு நிமிடம் என்றால், வேலை நாள்களில் மட்டும் எட்டு மணி நேரம் படிக்கும் ஒருவருக்கு இதை முடிக்க 31 ஆண்டுகள் ஆகும்! வழக்குத் தொடுத்த இளைஞர் முதியவராகிவிடுவார் அல்லவா? ஆகவே கணிப்பொறியின் துணை இன்றியமையாததாயிற்று.

முதலில் அழியாமல் காத்தல்

தேடுவதற்கு முன் பொருள் இருக்க வேண்டும். வழக்கு வரும் என்று தெரிந்தவுடனேயே, தொடர்புடைய கோப்புகள் எதையும் அழிக்கக் கூடாது. இதை உலகுக்கு உணர்த்திய வழக்கு ஒன்று நியூயார்க் நகரில் நடந்தது. பெண் அலுவலர் ஒருவர், தாம் பணியாற்றிய யூ.பி.எஸ். என்னும் சுவிட்சர்லாந்து வங்கியின்மீது அதனைத் தொடுத்திருந்தார். பழைய மின்னஞ்சல்கள் காந்த நாடாக்களில் காப்புப் பிரதிகளாக இருந்தன. அத்தனை நாடாக்களையும் மீட்டுப் படிக்கப் பெருஞ்செலவாகும் என்று வங்கி வாதிட்டது.

நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் 2003-இல் என்ன செய்தார் தெரியுமா? முதலில் ஐந்து நாடாக்களை மட்டும் மீட்டு, அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பயனுள்ள அஞ்சல்கள் அவற்றில் கிடைத்தன. ஆகவே மீதி நாடாக்களையும் மீட்க ஆணையிட்டு, அச்செலவில் 75 விழுக்காட்டை வங்கியும் 25 விழுக்காட்டை வாதியும் ஏற்க வேண்டும் என்றார். காக்கும்படி சொல்லப்பட்ட பின்னரும் சில அஞ்சல்கள் அழிக்கப்பட்டிருந்தது பின்னர் தெரிய வந்தது. 'அழிந்தவை வங்கிக்குப் பாதகமானவை என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்' என ஜூரிகளுக்கு அறிவுறுத்தப்படும் என்று 2004-இல் அவர் முடிவு செய்தார். 2005-இல் ஜூரிகள் வாதிக்கு ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தனர்.

சில நாடாக்களைப் பார்த்துப் பல நாடாக்களைப் பற்றி முடிவு செய்த இந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இதுவே நமக்குக் கைகொடுக்கப் போகிறது.

கோப்புகளின் கைரேகை

ஒரே சுற்றறிக்கை நூறு பேருக்குப் போயிருந்தால், நூறு பிரதிகள் சேரும். நூறையும் படிப்பது வீண். ஒன்றுபோலிருக்கும் பிரதிகளைக் கணிப்பொறி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது. இதற்கு 'ஹாஷ் மதிப்பு' என்று பெயர்.

இதன் தத்துவம் எளியது. ஒரு வாக்கியத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். அதை அந்த எழுத்து வரும் இடத்தின் வரிசை எண்ணால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி 97 ஆல் வகுத்து, மீதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் மீதி பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் இதில் 97 விடைகள்தாம் உண்டு. ஆகவே இரு வேறு வாக்கியங்களுக்குத் தற்செயலாக ஒரே விடை வந்துவிடலாம். நடைமுறையில் பயன்படும் 'எஸ்.எச்.ஏ.-256' என்ற முறை இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. அதில் வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்! ஆகவே இரு கோப்புகளின் மதிப்பு ஒன்றாக இருந்தால், கோப்புகளும் ஒன்றே எனக் கொள்ளலாம்.

இந்த எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. கோப்பை எடுத்த நாளில் கண்ட மதிப்பும் நீதிமன்றத்தில் காட்டும் நாளில் காணும் மதிப்பும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் அதைத் திருத்தவில்லை என்று தெரியும். 2024 ஜூலை முதல் நாள் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த 'பாரதிய சாக்ஷ்ய அதினியம்' என்னும் சான்றியல் சட்டத்திலும், மின்னணு ஆவணத்துடன் தரவேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிக்க இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நாற்பதாயிரம் ஆவணங்களில் ஒரு சோதனை

இனித் தேடலுக்கு வருவோம். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் ஆவணங்களை எல்லாம் கணிப்பொறி நொடியில் எடுத்துக் கொடுத்துவிடும். 'பிறகென்ன? வேலை முடிந்தது' என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1985-ஆம் ஆண்டு டேவிட் பிளேர், எம். ஈ. மேரன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரை இந்த நினைப்பை உடைத்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது ஓர் உண்மையான பெரிய வழக்கு. அதில் 40,000 ஆவணங்கள். ஏறத்தாழ 3,50,000 பக்கங்கள். அத்தனையும் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'ஸ்டேர்ஸ்' என்னும் தேடல் அமைப்பில் ஏற்றப்பட்டிருந்தன. வழக்குரைஞர்கள் தேவையான ஆவணங்களில் 75 விழுக்காடாவது கிடைக்க வேண்டும் என்று கூறி, சொற்களை மாற்றி மாற்றித் தேடினார்கள். அந்த அளவு கிடைத்துவிட்டது என்று அவர்களுக்கு மனநிறைவு ஏற்படும்வரை தேடினார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள், தேடலில் சிக்காத ஆவணங்களிலிருந்து மாதிரிகளை எடுத்து, அவை சிக்காதவை என்று சொல்லாமலே அதே வழக்குரைஞர்களிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார்கள். விளைவு என்ன? உண்மையில் கிடைத்திருந்தவை சராசரியாக 20 விழுக்காடுதான்! ஐந்தில் நான்கு பங்கு ஆவணங்கள் வெளியே வராமலே கிடந்தன.

காரணம் கணிப்பொறியின் பழுதன்று, மனிதரின் மொழி. அந்த வழக்கில் ஒரு விபத்து நடந்திருந்தது. வழக்குரைஞர்கள் 'விபத்து' என்ற சொல்லைக் கொடுத்துத் தேடினார்கள். ஆனால் குறை கூறியவர்கள்தாம் அதை 'விபத்து' என்று எழுதினார்கள். பொறுப்பில் இருந்தவர்களோ 'வருந்தத்தக்க நிலைமை' என்றும் 'சிக்கல்' என்றும் பூசி மெழுகினார்கள். சிலர் 'தங்கள் சென்ற கடிதத்தில் கண்ட பொருள்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். யாரிடம் தவறு இருக்கக்கூடுமோ, அவருடைய கடிதமே தேடலுக்கு அகப்படாமல் போயிற்று!

இரண்டு பின்னங்கள்

ஒரு தேடலின் தரத்தைச் சொல்ல இரண்டு பின்னங்கள் வேண்டும். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவதை எண்ணிக்கொள்ளுங்கள். கையில் எடுத்தவற்றில் எத்தனை உண்மையான கல், எத்தனை அரிசி என்பது முதல் கேள்வி. இதைத் 'துல்லிய விகிதம்' எனலாம். அரிசியில் இருந்த எல்லாக் கற்களிலும் எத்தனை கைக்கு வந்தன என்பது இரண்டாவது கேள்வி. இது 'மீட்பு விகிதம்'.

பிளேர், மேரன் சோதனையில் துல்லிய விகிதம் 79 விழுக்காடு. எடுத்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பயனுள்ளவையாக இருந்தன. அதனால்தான் வழக்குரைஞர்களுக்கு மனநிறைவு ஏற்பட்டது. துல்லிய விகிதம் கையிலிருப்பதைப் பார்த்தாலே தெரியும். மீட்பு விகிதத்துக்கோ முறத்தில் மீந்திருப்பதை அறிய வேண்டும். சோற்றைக் கடிக்கும்போதுதானே மீதிக் கல் தெரிகிறது!

ஒரு பானைச் சோறு

மீந்திருப்பதை முழுதும் படிக்காமல் எண்ண வழியுண்டா? உண்டு. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழியே அந்த வழி. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஆவணங்கள் 1,00,000. சொல் தேடலில் கிடைத்தவை 1,000. அவற்றில் பயனுள்ளவை 790. மீதி 99,000 ஆவணங்களிலிருந்து, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல எந்த விருப்பு வெறுப்பும் இன்றி 1,500 ஆவணங்களை எடுத்து முழுதும் படிக்கிறோம். அவற்றில் 48 பயனுள்ளவை என்று தெரிகிறது. அதாவது 3.2 விழுக்காடு. ஆகவே 99,000-இல் ஏறத்தாழ 3,168 இருக்க வேண்டும். மொத்தம் 790 + 3,168 = 3,958. மீட்பு விகிதம் 790 / 3,958. அதாவது 20 விழுக்காடு. ஒரு லட்சத்தைப் படிக்காமல், கிடைத்த 1,000-ஐயும் மாதிரியாக எடுத்த 1,500-ஐயும் படித்தே இதைக் கண்டுவிட்டோம்!

இந்த விடையை எவ்வளவு நம்பலாம்? இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எந்த அளவீட்டுக்கும் பிழை வரம்பு எழுதுவோம் அல்லவா? இங்கும் எழுத வேண்டும். தற்செயலாக எண்ணிக் கிடைத்த எண்ணில், அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருப்பது இயல்பு. 48-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7. பாதுகாப்புக்காக அதன் இருமடங்கைக் கொள்வோம். அப்போது 48 என்பது 34 முதல் 62 வரை இருக்கலாம். இதன்படி கணக்கிட்டால் மீட்பு விகிதம் 26-க்கும் 16-க்கும் இடைப்பட்டது என்று வரும். வரம்பைக் குறுக்க வேண்டுமானால் மாதிரியைப் பெரிதாக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 75 இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்துவிடுகிறது.

பழமொழியில் மறைந்திருக்கும் ஒரு நிபந்தனையையும் கவனியுங்கள். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் ஒரு சோறு பதம் சொல்லும். ஆவணக் குவியல் அப்படிச் சீரானதன்று. ஒரே அதிகாரியின் கோப்பிலிருந்து 1,500 ஆவணங்களை எடுத்தால் கணக்குத் தவறிவிடும். எந்த ஆவணத்துக்கும் எடுபடச் சமவாய்ப்பு இருக்க வேண்டும்.

கற்றுக்கொள்ளும் கணிப்பொறி

சொல் தேடல் போதாது என்றால் வேறு என்ன செய்வது? வழக்குரைஞர் தாமே சில ஆயிரம் ஆவணங்களைப் படித்து, 'வேண்டியது', 'வேண்டாதது' என்று குறித்துக் கொடுக்கிறார். அந்தக் குறிப்புகளிலிருந்து கணிப்பொறி கற்றுக்கொண்டு, மீதி ஆவணங்களை வரிசைப்படுத்துகிறது.

கணிப்பொறி எதைக் கற்கிறது? சொற்களின் எடையை. எல்லா ஆவணத்திலும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. அரிதாக வரும் சொல்லே அடையாளம் காட்டும். இக்கருத்தைக் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் ஒரு கணக்காகத் தந்தார். அதை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: மொத்த ஆவணங்களின் எண்ணிக்கையை, அந்தச் சொல் வரும் ஆவணங்களின் எண்ணிக்கையால் வகுத்து, மடக்கை காணுங்கள். பத்து லட்சம் ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு எடை 0. ஆயிரம் ஆவணங்களில் வரும் சொல்லுக்கு 3. பத்து ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு 5. நீங்கள் வகுப்பில் படிக்கும் அதே மடக்கைதான்!

பிறகு, வழக்குரைஞரின் குறிப்புகளுக்கு ஏற்ப இந்த எடைகளைக் கணிப்பொறி சற்றுக் கூட்டியும் குறைத்தும் திருத்துகிறது. 'வருந்தத்தக்க நிலைமை' என்று எழுதிய கடிதங்களை அவர் 'வேண்டியது' என்று குறித்திருந்தால், அச்சொற்களின் எடை உயரும். தேடுவதற்கு அவருக்கே தோன்றாத சொல்லும் இப்படி வலையில் சிக்குகிறது.

2012 பிப்ரவரியில் நியூயார்க்கில் நீதிபதி ஆண்ட்ரூ பெக், ஏறத்தாழ 30 லட்சம் மின்னஞ்சல்கள் கொண்ட வழக்கில் இம்முறைக்கு ஒப்புதல் அளித்தார். நீதிமன்றம் ஒன்று இவ்வாறு எழுத்தில் ஒப்புதல் தந்தது அதுவே முதல் முறை. 2016-இல் இங்கிலாந்து உயர்நீதிமன்றமும் ஒப்புதல் தந்தது. பெக் முன் வந்த வழக்கில் முதல் மாதிரியாகச் சமவாய்ப்பு முறையில் எடுக்கப்பட்ட ஆவணங்கள் 2,399. முப்பது லட்சத்துக்கு இது போதுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். நூற்றுக்கு இரண்டு கூடுதல் குறைவு என்ற பிழை வரம்புக்கு, நூற்றில் 95 முறை சரியாக வரும்படி கணக்கிட்டால் கிடைக்கும் எண் இது. ஆவணங்கள் முப்பது லட்சம் அல்ல, மூன்று கோடியாக இருந்தாலும் 2,401 போதும்! ரசத்தில் உப்புப் பார்க்க, வீட்டுப் பாத்திரமானாலும் கல்யாண வீட்டு அண்டாவானாலும் ஒரு கரண்டிதானே எடுக்கிறோம்? நன்றாகக் கலக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தேடும் ஆவணங்கள் மிக அரிதாக இருந்தால், சற்று முன் கண்டதுபோல மாதிரியைப் பெரிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

எண் ஏன் வேண்டும்?

இப்போது தொழிலாளியின் வழக்குக்குத் திரும்புவோம். நிறுவனத்தார் 5,000 ஆவணங்களைக் கொடுத்து, "எங்களிடம் இருப்பது இவ்வளவுதான்" என்கிறார்கள். மீதிக் குவியலைத் தொழிலாளி பார்க்க முடியாது; அவருடைய வழக்குரைஞரும் பார்க்க முடியாது. நிறுவனத்தார் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். 1985 கட்டுரையில் வரும் வழக்குரைஞர்களும் நேர்மையானவர்களே, முயன்று தேடியவர்களே. ஆனாலும் ஐந்தில் நான்கு பங்கைத் தவறவிட்டார்கள். ஆகவே நேர்மை மட்டும் போதாது. அளந்தும் பார்க்க வேண்டும். மீந்ததிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தோம், மீட்பு விகிதம் இவ்வளவு, பிழை வரம்பு இவ்வளவு என்று சொல்ல வைத்தால்தான் பார்க்க முடியாத குவியலைப் பற்றி இரு தரப்பாரும் பேச முடியும்.

இன்று மனிதரைப்போல வாக்கியங்களைப் படித்து விடை சொல்லும் புதிய கணிப்பொறி நிரல்களும் இவ்வேலைக்கு வந்திருக்கின்றன. கருவி எவ்வளவு புதியதானாலும் அதற்கும் சோதனை இதுவே. எந்தக் கடிதம் எதை மெய்ப்பிக்கிறது என்று வாதிடுவது வழக்குரைஞரின் வேலை. தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை. அந்தக் கடிதம் அவர்கள் கண்ணில் பட வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு கணக்கும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் ஒரு படி உளுந்தைக் கொட்டி, அதில் நூறு துவரை மணிகளை எண்ணிப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். துவரை எத்தனை என்று நண்பரிடம் சொல்லாதீர்கள். அவர் ஒரு கரண்டி அள்ளி, அதிலுள்ள துவரையை எண்ணட்டும். மொத்தம் எத்தனை கரண்டி என்று அளந்து, பெருக்கி, விடை சொல்லட்டும். அடுத்து மூன்று கரண்டி அள்ளி அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். பிறகு துவரை முழுவதையும் பொறுக்கி மேலாகப் பரப்பி, கலக்காமலே ஒரு கரண்டி அள்ளச் சொல்லுங்கள். மூன்று விடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது நூறுக்கு அருகில் வருகிறது, எது விலகிப் போகிறது, ஏன் என்று இருவரும் சேர்ந்து எழுதி வையுங்கள்.